காட்டுக்குப் போகுமுன்



சில ஆண்டுகளுக்கு முன்னர், மார்கழி மாத விடுமுறையிலே, குடும்பத்தாருடன் மின்னேரியாவுக்குச் சென்றிருந்தேன். புறப்படுவதற்கு ஒரு திங்களுக்கு முன்பே என் மகள் ஒரு படத்தைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தாள். பெரியதொரு குளத்தின் ஓரத்திலே, பச்சைப் புற்றரையில், தாயும் கன்றுமாக நூற்றுக்கு மேற்பட்ட யானைகள் நின்று மேயும் படம் அது. அதைப் பார்த்துப் பார்த்தே அவள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்த அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. குளம் கரைமுட்ட நிறைந்து கிடந்தது. புற்றரை இருந்திருக்க வேண்டிய இடமெல்லாம் நீர். நான்கு மணிநேரம் ஜீப்பிலே சுற்றினோம். தொலைவில், மரங்களினிடையே, ஒற்றை யானையொன்றின் முதுகு சிறிது நேரம் தெரிந்து மறைந்தது. அவ்வளவுதான்.

திரும்பும் வழியிலே மகள் கேட்டாள்: "அப்பா, அந்தப் படம் பொய்யா?"

எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஒரு முதியவர், சிங்களவர், தமிழும் நன்கு பேசுவார். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "படம் பொய்யில்லை, மகள். நீங்கள் வந்த மாதம்தான் பிழை. இப்போது காடெல்லாம் தண்ணீர் இருக்கிறது. யானை எதற்காகக் குளத்தைத் தேடி வரவேண்டும்? ஆவணியில் வந்து பாருங்கள்" என்றார்.

அந்த முதியவர் சொன்ன விடையையே இன்று தங்கள் முன் சற்று விரித்துச் சொல்ல விழைகிறேன். வனவிலங்குகளைப் பார்ப்பதற்கென்று விடுமுறையிலே புறப்படும் குடும்பங்கள் நம்மிடையே பெருகிவருகின்றன. அது நல்லதே. ஆயினும், எங்கே போவது என்ற வினாவுக்கு நம்மிற் பலர் விடை காணும் முறை பொருத்தமானதன்று. யானை வேண்டுமா, சிறுத்தை வேண்டுமா என்று முதலில் தீர்மானிக்கிறோம். பிறகு அந்த விலங்குக்குப் பெயர்பெற்ற இடம் எதுவென்று விசாரிக்கிறோம். நமக்கு வசதியான ஒரு நாளிலே புறப்பட்டுவிடுகிறோம். கடைக்குச் சென்று பொருள் வாங்குகிறவன் செய்யும் வேலை இது. காட்டிலே விலங்குகள் நமக்காகக் காத்து நிற்பதில்லை. நீரையும் புல்லையும் பழத்தையும் தேடி அவை மாதத்துக்கு மாதம் இடம் மாறுகின்றன. ஆதலால், நாம் போகும் மாதத்திலே தண்ணீர் எங்கே இருக்கும் என்பதே முதலிற் கேட்கவேண்டிய கேள்வி.

நமது இலங்கை சிறிய தீவுதான். எனினும் அதன் மழை ஒரே சீரானதன்று. நமது பெரிய வனங்களுள் பெரும்பாலானவை வடக்கிலும் கிழக்கிலும் தென்கிழக்கிலும் பரந்துள்ள வறண்ட வலயத்திலேயே அமைந்திருக்கின்றன. அவ்வலயத்துக்குரிய பெருமழை ஐப்பசி முதல் தை வரையிலே பெய்கிறது. அக்காலத்தில் ஒவ்வொரு பள்ளத்திலும் நீர் நிற்கும். ஒவ்வொரு புதரும் தளிர்த்திருக்கும். விலங்குகள் காடெங்கும் சிதறிப்போகும். பின்னர், வைகாசி தொடங்கி, யாழ்ப்பாணத்தார் சோளகம் என்றும் மட்டக்களப்பார் கச்சான் என்றும் சொல்லும் காற்று வீசத் தொடங்கும், நிலம் காயும். பள்ளங்கள் ஒவ்வொன்றாக வற்றிப்போக, எஞ்சிய சில நீர்நிலைகளை நோக்கி உயிர்களெல்லாம் வந்து கூடும். நமக்கு வெயில் கடுமையாக இருக்கும் காலமே விலங்குகளைக் காண்பதற்கு வாய்த்த காலம். இந்த ஓர் உண்மையை மனத்திற்கொண்டால், இடத்தைத் தெரிவுசெய்வது எளிதாகிவிடும்.

பாடசாலை செல்லும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் நினைத்த மாதத்திலே புறப்பட முடியாது. பெரும்பாலும் ஏப்பிரல், ஓகஸ்ட், டிசெம்பர் ஆகிய மாதங்களை ஒட்டியே விடுமுறை வாய்க்கிறது. ஆகவே அந்த மூன்று காலங்களையும் தனித்தனியே எடுத்து நோக்குவோம்.

முதலில் ஓகஸ்ட் மாதம். நமது கணக்கில் ஆடியின் பிற்பகுதியும் ஆவணியும். இது மின்னேரியாவின் காலம். அங்குள்ள பெருங்குளம் மூன்றாம் நூற்றாண்டில் ஆட்சிபுரிந்த மகாசேன மன்னன் உழவுக்காகக் கட்டுவித்தது. அக்குளமும் அதைச் சூழ்ந்த காடும் 1997ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாயின. கோடையிலே குளத்து நீர் வயல்களுக்குப் பாய்ந்து மட்டம் தாழும்போது, நீருள் மூழ்கியிருந்த பரந்த நிலம் வெளிப்படுகிறது. ஈரம் பொருந்திய அந்த நிலத்திலே இளம்புல் முளைக்கிறது. சுற்றுக் காடெல்லாம் காய்ந்து கிடக்கையில், பச்சைப் புல்லும் குடிநீரும் ஓரிடத்தில் கிடைத்தால் யானைகள் வராமல் இருக்குமா? யூலை முதல் செப்டெம்பர் வரையிலே இருநூறு, முந்நூறு என அவை கூடுகின்றன. ஆசிய யானைகள் இவ்வாறு பெருந்தொகையாகக் கூடும் காட்சி வேறெங்கும் காண்பதற்கு அரியது. மன்னன் நெல்லுக்கென்று கட்டிய குளம் யானைக்கும் சோறிடுகிறது.

ஆயினும் இங்கேயும் ஓர் எச்சரிக்கை உண்டு. மொறகஹகந்த நீர்த்தேக்கம் அமைக்கப்பட்ட பின்னர், கோடையிலும் மின்னேரியாக் குளத்தின் நீர்மட்டம் உயர்ந்தே நின்ற ஆண்டுகள் இருக்கின்றன. நீர் உயர்ந்து நின்றால் புற்றரை வெளிப்படாது. புல் இல்லையெனில் யானைகள் அயலிலுள்ள கவுடுல்ல பூங்காவுக்கோ ஹுருலுக் காட்டுக்கோ போய்விடும். ஆகவே நாட்காட்டியை மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள். ஹபரணையை அடைந்ததும், இந்த வாரம் நீர்மட்டம் எப்படி, யானைகள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று விசாரித்த பின்னரே பூங்காவைத் தெரிவுசெய்யுங்கள். மூன்று இடங்களும் ஒன்றுக்கொன்று அண்மையிலேயே உள்ளன.

அதே ஓகஸ்ட் மாதத்துக்கு மற்றுமோர் இடமும் ஏற்றது. அது வில்பத்து. இலங்கையின் தேசிய பூங்காக்களுள் மிகப் பெரியது. 1,300 சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பரப்புடையது. யாலவும் வில்பத்துவும் 1938ஆம் ஆண்டில் ஒருங்கே தேசிய பூங்காக்களாக்கப்பட்டவை. வில்பத்துவின் தனிச்சிறப்பு அங்குள்ள வில்லுகள். ஆறு பாயாமல், மழைநீரே தேங்கி நிற்கும் இயற்கைத் தாழ்நிலங்கள் அவை. அவற்றைச் சுற்றி வெண்மணலும், மணலுக்கு அப்பால் அடர்காடும் அமைந்திருக்கும். போர்க்காலத்தில் இப்பூங்கா நெடுநாள் மூடப்பட்டிருந்தது. இடையிலே திறக்கப்பட்டு மீண்டும் மூடப்பட்டு, 2010ஆம் ஆண்டின் பின்னரே மக்கள் அச்சமின்றிச் சென்றுவரும் இடமாயிற்று. அநுராதபுரத்திலிருந்து மேற்கே ஒரு மணிநேரப் பயணம். வடக்கிலிருந்து வருவோருக்கு மிகக் கிட்டிய பெருங்காடு இதுவே. காடு அடர்ந்தது ஆகையால் விலங்குகள் எளிதிற் கண்ணிற் படா. பொறுமையில்லாதவர் இங்கே வந்தால் ஏமாறுவர். ஒரு வில்லின் ஓரத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அரைமணிநேரம் பேசாதிருக்கக்கூடிய குடும்பத்துக்கு, மானும் மரையும் நீர் அருந்த வருவதையும், நல்லூழ் இருப்பின் சிறுத்தை மணலிலே நடப்பதையும் காணும் பேறு கிட்டலாம்.

அடுத்து ஏப்பிரல் மாதம். புத்தாண்டை ஒட்டிய இந்த விடுமுறையில் நாட்டிலுள்ள எல்லோரும் புறப்பட்டுவிடுவார்கள். யானையைக் கட்டாயம் பார்த்தேயாக வேண்டும் என்று அடம்பிடிக்கும் சிறு பிள்ளைகள் இருந்தால் உடவளவைக்குச் செல்லுங்கள். வளவை ஆற்றை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த இவ்விடம் 1972ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாயிற்று. மரங்கள் குறைந்த புல்வெளியாதலால் ஆண்டின் எம்மாதத்திலும் யானைகளை அங்கே காணலாம். தாயை இழந்த கன்றுகளைப் பால் கொடுத்து வளர்த்து, வளர்ந்தபின் மீண்டும் காட்டிலே விடும் நிலையமொன்றும் 1995ஆம் ஆண்டு முதல் அங்கு இயங்கிவருகிறது. பிள்ளைகள் அதனைக் காண்பது நன்று.

கிழக்கிலுள்ளோருக்கு இன்னொரு வழி உண்டு. அம்பாறைக்கு அப்பால், இங்கினியாகலையிலே, சேனாநாயக்க சமுத்திரம் என்னும் பெரும் நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்து கல்லோயாப் பூங்கா அமைந்துள்ளது. அந்நீர்த்தேக்கத்தின் நீரேந்து பிரதேசத்தைக் காப்பதற்கென 1954ஆம் ஆண்டில் இப்பூங்கா உருவாயிற்று. இங்கே தோணியில் ஏறிச் சென்று விலங்குகளைப் பார்க்கலாம். நீரின் நடுவே தீவுகள் உண்டு. புல்லைத் தேடி யானைகள் ஒரு தீவிலிருந்து மற்றொன்றுக்கு நீந்திச் செல்லும். துதிக்கையை மட்டும் நீருக்கு மேலே நீட்டிக்கொண்டு அவ்வளவு பெரிய உடல் மிதந்து செல்வதை ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார். பங்குனி முதல் ஆடி வரையிலான காலம் இதற்கு ஏற்றது.

விடுமுறைக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு வைகாசி, ஆனி மாதங்களைச் சிறப்பாகச் சொல்வேன். அப்போதுதான் பாலைமரம் பழுக்கிறது. வன்னியிலே வளர்ந்தவர்களுக்குப் பாலைப்பழத்தின் இனிப்பை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நம்மைப் போலவே கரடிக்கும் அதன்மேல் தீராத ஆசை. மற்றக் காலங்களில் கண்ணிற் படாது ஒளிந்து திரியும் கரடி, யாலவிலும் வில்பத்துவிலும் பட்டப்பகலிலே பாலைமரத்தின் மேல் ஏறியிருப்பதை அம்மாதங்களிற் காணலாம். அதே காலத்தில் தென்கிழக்குக் கரையிலுள்ள குமண வில்லிலே நாரைகளும் கொக்குகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும்.

குமணவின் பெயரைச் சொன்னவுடன் கதிர்காமப் பாதயாத்திரை நினைவுக்கு வருகிறது. மட்டக்களப்பிலிருந்தும் அதற்கப்பால் வடக்கிலிருந்தும் புறப்படும் அடியார்கள் உகந்தை முருகனை வணங்கி, குமணவின் ஊடாகவும் யாலவின் ஊடாகவும் கால்நடையாகவே கதிர்காமத்தை அடைகிறார்கள். நமது மூதாதையர் இக்காடுகளைக் கண்ட முறை இதுவே. அவர்கள் விலங்குகளைப் பார்க்கப் போனவர்கள் அல்லர். விலங்குகளின் வீட்டின் ஊடாக வணக்கத்தோடு கடந்து சென்றவர்கள். காட்டிலே ஒருவரையொருவர் 'சாமி' என்றே விளித்து நடந்தவர்கள். ஜீப்பிலே ஏறிச் செல்லும் நாமும் அந்தப் பணிவில் ஒரு சிறு பங்கையாவது உடன்கொண்டு செல்லலாம்.

இனி டிசெம்பர். இது நான் பிழைவிட்ட மாதம். அந்த மாதத்தில் மின்னேரியாவை நாடாதீர்கள். ஆனால் வீட்டிலேயே இருந்துவிடவும் வேண்டாம். காட்டுக்குச் செல்வதென்றால் யானையும் சிறுத்தையும் மட்டுமா? மழைக்காலத்திலே வடபுலத்து நாடுகளிலிருந்து பல்லாயிரம் பறவைகள் நமது கடனீரேரிகளை நாடி வருகின்றன. மன்னாரிலே, வங்காலையை அடுத்த சேற்றுநிலங்களிலே, பூநாரைகள் கூட்டங்கூட்டமாக நிற்கும். வங்காலைச் சரணாலயம் 2010ஆம் ஆண்டில் உலகளாவிய முக்கியத்துவமுடைய ஈரநிலமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. சுண்டிக்குளத்திலும் யாழ்ப்பாணத்துக் கடனீரேரிகளிலும் அப்பறவைகளைக் காணலாம். அதிகாலையில் ஒரு பேருந்திலேறிச் சென்று, ஓரிடத்தில் அமைதியாக அமர்ந்து பார்க்க நுழைவுச்சீட்டும் ஜீப்பும் வேண்டியதில்லை. செலவுக்கு அஞ்சும் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல பயணம் வேறில்லை.

யாலவைப் பற்றி இன்னும் விரித்துரைக்கவில்லையே என்று சிலர் எண்ணக்கூடும். உலகிலே சிறுத்தைகள் மிக நெருங்கி வாழும் இடங்களுள் யாலவின் முதலாம் பிரிவும் ஒன்று. நமது தீவிலே சிங்கமும் வேங்கையும் இல்லை. ஆதலால் சிறுத்தைக்கு மேலான வேட்டை விலங்கு இல்லை. பகலிலும் அது வெளியிலே நடமாடுகிறது. மாசி முதல் ஆடி வரையிலே அதைக் காணும் வாய்ப்பு மிகுதி. வறட்சி முற்றும் செப்டெம்பரில் அப்பிரிவைச் சில வாரங்கள் மூடிவைப்பது வழக்கம். புறப்படுமுன் அதனை விசாரிக்க வேண்டும். ஐந்து பிரிவுகளாக 979 சதுர கிலோமீற்றர் பரந்திருக்கும் அப்பூங்காவில், வருவோருட் பெரும்பாலோர் அந்த ஒரு பிரிவுக்குள்ளேயே நெருக்குகிறார்கள்.

அந்நெருக்கம் என்ன செய்யும் என்பதைப் பூங்கா ஒன்றிலே நான் கண்டேன். அதன் பெயர் வேண்டாம், குற்றம் இடத்தினுடையதன்று. மாலை நேரம். சிறுத்தையொன்று புதரைவிட்டு வெளியே வந்தது. பாதைக்கு அப்பால் ஒரு குட்டை இருந்தது. அதை நோக்கியே அது வந்தது. செய்தி பரவிற்று. சிறிது நேரத்தில் முப்பதுக்கு மேற்பட்ட ஜீப்புகள் பாதையை அடைத்து நின்றன. எங்கள் ஜீப்பும் அவற்றுள் ஒன்று. சிறுத்தை இரண்டுமுறை பாதையைக் கடக்க முயன்றது. இரண்டுமுறையும் ஏதோவொரு ஜீப் முன்னே நகர்ந்தது. மூன்றாம் முறை அது திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டது. நாங்கள் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். அது தண்ணீர் குடிக்கவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் நன்றாக வரவில்லை. எவரும் சட்டத்தை மீறிவிட்டதாக நான் சொல்லவரவில்லை. எல்லோரும் ஒரே விலங்கை, ஒரே இடத்தில், ஒரே நாளில் காண விரும்பியதே அந்த நிலையை உண்டாக்கிற்று. நாம் எந்த இடத்தைத் தெரிவுசெய்கிறோம் என்பது நமது சொந்த விருப்பம் மட்டுமன்று என்பதை அன்றே உணர்ந்தேன்.

இன்னுமொன்று. இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்போருட் பலருக்கு யானை விடுமுறைக் காட்சியன்று. வன்னியிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் இரவிரவாகக் கண்விழித்து வயல் காப்பவர்களுக்கு அது அச்சத்தின் பெயர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நமது நாட்டில் 5,879 யானைகள் இருந்தன. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான யானைகள் மடிகின்றன; மனித உயிர்களும் பல பறிபோகின்றன. காட்டிலே நீரும் புல்லும் கிடைக்காத யானைதான் பெரும்பாலும் வேலியைத் தேடி வருகிறது. தெருவோரத்தில் நிற்கும் யானைக்குப் பழம் எறிந்து மகிழும் பயணி, அதை மனிதரிடம் வரப் பழக்குகிறார். அந்த வினையின் பயனை அவர் அனுபவிப்பதில்லை. அடுத்த ஊரிலுள்ள உழவனே அனுபவிக்கிறான். ஆகவே தயவுசெய்து எந்த விலங்குக்கும் உணவு எறியாதீர்கள்.

சுருங்கச் சொன்னால், புறப்படுமுன் மூன்று கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் போகும் மாதத்தில் நீர் எங்கே நிற்கிறது? அங்கே ஏற்கனவே நெருக்கம் மிகுந்திருக்கிறதா? பார்க்க விரும்பியது கிடைக்காவிட்டால் கிடைத்ததைக் கண்டு மகிழ நமது வீட்டார் ஆயத்தமா? இம்மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் இடம் தானாகவே அமைந்துவிடும்.

இரண்டாண்டு கழித்து, அந்த முதியவர் சொன்னபடி, ஓர் ஆவணி மாதத்தில் மீண்டும் புறப்பட்டோம். ஹபரணையில் இறங்கி விசாரித்தபோது, மின்னேரியாவில் நீர் உயர்ந்து நிற்கிறது, கவுடுல்லவுக்குப் போங்கள் என்றார்கள். சென்றோம். வெயில் தாழும் நேரத்தில் காட்டோரத்திலிருந்து ஒரு யானை வெளிப்பட்டது. அதன் பின்னே ஒன்று. பின்னே கன்றோடு இன்னொன்று. மகள் எண்ணத் தொடங்கினாள். அறுபது வரை எண்ணியவள் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள். வீடு திரும்பியபின் சுவரிலிருந்த பழைய படத்தைக் கழற்றி வைத்தாள். ஏன் என்று கேட்டேன். "அதிலே சத்தம் இல்லை, அப்பா" என்றாள். புல்லை வேரோடு பிடுங்கி, மண் உதிரக் காலிலே தட்டித் தட்டி அவை உண்ணும் ஓசையைத்தான் அவள் சொன்னாள்.

உங்கள் பிள்ளைகளும் அந்த ஓசையைக் கேட்கவேண்டும். அவர்களுடைய பிள்ளைகளும் கேட்கவேண்டும்.